லாங்கே குன்றுகளும் ஏழைகள் காத்த ஒயினும்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், டூரின் நகரத்துக்குத் தெற்கே, ஆல்பா என்னும் சிறு நகரத்தைச் சுற்றி, மலை என்று சொல்லத் தயக்கமும் மேடு என்று சொல்லக் கூச்சமும் உண்டாக்குகிற அளவில் அடுக்கடுக்காகக் கிடக்கும் குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். ஒயின் அறிந்தவர்கள் உலகமெங்கும் மரியாதையோடு உச்சரிக்கும் பரோலோ, பர்பரெஸ்கோ ஆகிய இரண்டு மதுக்களும் பிறப்பது இந்தக் குன்றுகளில்தான். ரோமாபுரியையும் வெனிஸையும் பிளாரன்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்களில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. அப்படிப் போக நினைக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பது, பெரும்பாலும், எந்தக் கோட்டையைப் பார்க்கலாம், எந்தப் பாட்டிலை வாங்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் கொஞ்சம் நீளமானது. கோட்டையில் தொடங்கினாலும் கோட்டையில் முடியாதது. குடிப்பழக்கத்தை யாருக்கும் சிபாரிசு செய்வது என் நோக்கமன்று என்பதையும், ஒரு மண்ணின் சரித்திரம் முழுவதும் ஒரு பானத்தில் வந்து தங்கியிருக்கும் விந்தையைச் சொல்ல வேண்டும் என்ற ஆசையே இதை எழுதத் தூண்டியது என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு மதுக்களுக்கும் மூலம் நெபியோலோ என்னும் ஒரே கருந்திராட்சை. அது மிகவும் பிடிவாதமான கொடி. வசந்தத்தில் அண்டை அயல் கொடிகளுக்கெல்லாம் முந்தித் துளிர்விட்டுப் பின்பனியில் கருகும் அபாயத்தைத் தானே வரவழைத்துக்கொண்டு, மற்றத் திராட்சைகள் கூடையில் ஏறி, பிழியப்பட்டு, நொதித்தும் முடிந்த பிறகு, அக்டோபர் மாதத்தில், இலையுதிர்கால மழைக்கும் பள்ளத்தாக்குகளை மூழ்கடிக்கும் மூடுபனிக்கும் நடுவில்தான் அது பழுக்கும். கண்ட இடத்தில் வைத்தால் பழுக்கவும் மாட்டாது. தெற்கையோ தென்மேற்கையோ நோக்கிய சரிவு வேண்டும். அந்தச் சரிவிலும் உச்சியும் அடிவாரமும் ஆகாது, நடுவயிறு வேண்டும். குளிர்காலம் கழியும்போது எந்தச் சரிவில் பனி முதலில் உருகி மண் தெரிகிறதோ அந்தச் சரிவே நெபியோலோவுக்கு உரியது என்பது முன்னோர் கண்டுவைத்த விதி. வெயில் குறைந்த சரிவுகளில் அவர்கள் டோல்செட்டோ, பார்பெரா என்னும் வேறு திராட்சைகளை வைத்தார்கள். வடக்கு நோக்கிய பக்கங்களை ஹேசல் கொட்டை மரங்களுக்கும் காட்டுக்கும் விட்டுவிட்டார்கள். ஆகவே, லா மோர்ரா கிராமத்தின் உச்சியில் உள்ள முற்றத்தில் நின்று கீழே நோக்கும் பிரயாணி, எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பயிரை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம். வானம் தெளிந்திருந்தால் மேற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடரும், அதில் 3,841 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மோன்விசோ சிகரமும் தெரியும்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் குன்றுகள் யாவும் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலின் அடித்தளமாக இருந்தவை. காலணியில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாத, நீலங்கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண், அந்தக் கடல் விட்டுச்சென்ற வண்டல். பரோலோ பிரதேசத்தின் மேற்குப் பாதியில், அதாவது லா மோர்ராவிலும் பரோலோ கிராமத்திலும், இளைய வண்டலும், கிழக்குப் பாதியில், செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்த்தேயிலும், அதைவிடப் பழைய, மணற்பாறை மிகுந்த வண்டலும் அமைந்திருப்பதால், ஒரே திராட்சையை ஒரே முறையில் பக்குவப்படுத்தினாலும், மேற்கத்திய மது சீக்கிரமே இளகி மணம் வீசுகிறது. கிழக்கத்தியது பல ஆண்டுகள் முறுக்கோடு நின்று, பிறகே வழிக்கு வருகிறது. பூகோள சாஸ்திரம் நாவில் தெரியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அதை மிகைப்பேச்சு என்றே எண்ணியிருப்பேன். செர்ராலுங்காவின் ஒல்லியான பதினான்காம் நூற்றாண்டுக் கோட்டையின் நிழலில் ஒரு கிண்ணமும், அதே நாள் மாலையில் லா மோர்ராவில் ஒரு கிண்ணமும் சுவைத்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

பரோலோவை முதன்முதலில் பார்க்கிறவர்கள் அதன் நிறத்தைக் கண்டு ஏமாறுவதுண்டு. கருஞ்சிவப்பை எதிர்பார்த்த கண்ணுக்கு, மாதுளைச் சாற்றின் சாயலில், விளிம்பில் செங்கல் நிறம் படர்ந்த, வெளிறிய ஒரு திரவமே தென்படும். மூக்கருகே கொண்டுபோனால் ரோஜாவும் தாரும் கலந்த ஒரு பரிமளம். வாயில் வைத்தாலோ ஈறுகளைக் கவ்விப் பிடிக்கிற துவர்ப்பும், கூர்மையான புளிப்பும். தனியாக அருந்துவதற்கு உகந்த பானமே அன்று அது. முட்டை மஞ்சட்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்து நூலாக நறுக்கிய தஜரின் என்னும் மாவுப் பண்டமோ, காஸ்டெல்மாக்னோ பாற்கட்டியோ, மணிக்கணக்கில் ஒயினிலேயே வெந்த இறைச்சியோ பக்கத்தில் இருந்தால்தான் அந்தத் துவர்ப்புக்கு அர்த்தம் புலப்படுகிறது. துவர்ப்பு தணிவதற்குக் காலம் வேண்டும். அதனால்தான் சட்டமே அதைக் காத்திருக்கச் சொல்கிறது: பரோலோ 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், பர்பரெஸ்கோ 26 மாதங்கள், அதில் 9 மாதங்கள் மரத்தில். ‘ரிசெர்வா’ என்று பெயர் போட வேண்டுமானால் பரோலோவுக்கு 62 மாதங்கள் ஆக வேண்டும். அறுவடை செய்த பண்டத்தை ஐந்தாண்டுகள் விற்காமல் வைத்திருக்கக்கூடியவன் யார்? கையில் காசு உள்ளவன். இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் லாங்கேயின் சரித்திரம் தானாகவே விளங்கத் தொடங்கும்.

அந்தச் சரித்திரம் வழக்கமாகப் பிரபுக்களிடமிருந்து ஆரம்பிக்கப்படுகிறது. பரோலோ கோட்டைக்குரிய ஃபாலெத்தி வம்சத்தில் வாழ்க்கைப்பட்ட பிரெஞ்சுப் பெண்மணி ஜூலியா கோல்பேர் பரோலோ ஒயினைச் சபைக்குக் கொண்டுவந்தவர் என்றும், மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ அதை ருசிபார்க்க விரும்பியபோது, தவக்காலத்து 40 நாட்களை விலக்கி ஆண்டின் எஞ்சிய ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 325 பீப்பாய்களை வண்டிகளில் ஏற்றி டூரினுக்கு அனுப்பினார் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பின்னாளில் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதம மந்திரியான கவூர் பிரபு, 1832 முதல் 1849 வரை கிரின்ட்சானே கிராமத்தின் மேயராக இருந்து, அங்கே தோட்டங்களைத் திருத்தியவர். இனிப்பு எஞ்சியிருந்த பழைய நெபியோலோ மது, முற்றிலும் நொதித்து நெடுநாள் நிற்கும் மதுவாக மாறியதற்குக் காரணகர்த்தா யார் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமனப்படவில்லை. நான் அதற்குள் போகவில்லை. ஜூலியா கோல்பேரைப் பற்றி எனக்கு மதிப்பு மிகுதியாவதற்குக் காரணம் ஒயின் அன்று. டூரின் சிறைச்சாலைகளில் பெண் கைதிகள் பட்ட நரக வேதனையைக் கண்டு, தாமே உள்ளே சென்று அவர்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்து, சிறைச் சீர்திருத்தத்துக்காக வாதாடி, 1864-இல் மறைந்தபோது தம் செல்வத்தைத் தரும ஸ்தாபனத்துக்கு எழுதிவைத்தவர் அவர். ஆஸ்திரியச் சிறையில் வாடி மீண்ட எழுத்தாளர் சில்வியோ பெல்லிக்கோவுக்கு ஆதரவளித்துத் தம் இல்லத்து நூலகத்தை ஒப்படைத்தவரும் அவரே. பரோலோ கோட்டையில் இப்போதுள்ள ஒயின் மியூசியத்துக்குப் போகிறவர்கள் இந்த அம்மையாரின் அறையை நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஆனால் கோட்டைக்கு வெளியே நிலைமை வேறு. மோன்ஃபோர்த்தே பக்கத்தில் நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர், எண்பது வயதைக் கடந்தவர், சாப்பாட்டு மேஜையில் ஒரு நாள் சொன்னார்: “எங்கள் அப்பா பரோலோவுக்குத் திராட்சை விற்றவர். வீட்டில் குடித்தது என்ன தெரியுமா? பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி இரண்டாம் முறை எடுத்த ரசம். நல்ல ஒயின் வைத்தியருக்கும், வக்கீலுக்கும், சாமியாருக்கும் போகும்.” அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியைச் சொல்கிற தொனியில் சொன்னார். அவர் சொன்னதற்கு இலக்கியமே சாட்சியாக இருக்கிறது. ஆல்பாவில் 1922-இல் பிறந்த பெப்பே ஃபெனோக்லியோ, 1954-இல் வெளியிட்ட ‘லா மலோரா’ என்னும் குறுநாவலில், கடன்பட்ட குடும்பம் ஒன்று தன் மகனைப் பிறிதொரு குடியானவனிடம் ஆண்டுக் கூலிக்கு அனுப்பிவைப்பதைச் சொல்கிறார். அந்தப் பையன் வேலை செய்யும் நிலங்கள் இதே குன்றுகளில் இருப்பவை. ஃபெனோக்லியோ அன்னியர் அல்லர். பாசிஸ்டுகளை எதிர்த்து இந்தக் குன்றுகளில் ஆயுதம் ஏந்திப் போராடியவர். 1944 அக்டோபர் 10 முதல் நவம்பர் 2 வரை ஆல்பா நகரத்தைக் கெரில்லாப் படையினர் கைப்பற்றி வைத்திருந்த அந்த நாட்களைக் கதையாக்கியவர். யுத்தத்துக்குப் பின் ஓர் ஒயின் நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதி, 1963-இல், நாற்பத்தொரு வயது நிரம்புவதற்குச் சற்று முன்பாகவே மறைந்தார். பதினைந்து நாள் கழித்துப் பிரயாணம் போகப் போகிறவர் ஒருவர் என்னிடம் ஒயின் புத்தகம் கேட்டால், நான் ஃபெனோக்லியோவின் பெயரைத்தான் சொல்வேன்.

அந்தத் தாரித்திரியத்தின் மூலம் எங்கே இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள ஆல்பாவின் பழைய திராட்சைச் சந்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். சிறு நிலக்காரன் ஓராண்டு முழுவதும் கவாத்து செய்து, கொடி கட்டி, மண் வெட்டி, ஆலங்கட்டி மழைக்கு அஞ்சி அஞ்சிக் காப்பாற்றிய பழத்தை அக்டோபரில் வண்டியேற்றி நகரச் சதுக்கத்துக்குக் கொண்டுவருவான். வாங்குகிற வியாபாரிகளும் தரகர்களும் அவசரப்பட மாட்டார்கள். பொழுது ஏற ஏறப் பழம் நசுங்கி ரசம் கசியத் தொடங்கும். திருப்பி எடுத்துப் போனால் அதைப் புளிக்கவைக்கப் பாத்திரமும் நிலவறையும் வீட்டில் இல்லை. மாலையில் அவர்கள் சொன்னதே விலை. மூன்றாண்டுகள் காத்திருந்தால் மதிப்புப் பெருகுகிற மதுவுக்கு மூலப்பொருளை விளைவிக்கிறவன், மூன்று மணி நேரம் காத்திருக்க முடியாமல் அதைத் தாரைவார்த்துவிட்டு வீடு திரும்பினான்.

இந்த அநியாயத்தைச் சரியாகக் கண்டுகொண்டு பரிகாரம் தேடிய முதல் மனிதர் தொமித்சியோ கவாட்சா. 1881-இல் தொடங்கப்பட்ட ஆல்பா ஒயின் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த இவர், பர்பரெஸ்கோ கிராமத்தில் குடியேறி, 1894-இல் ஒன்பது திராட்சை விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு நிலவறையை நிறுவினார். அதுவரை பர்பரெஸ்கோவின் திராட்சை பரோலோ ஒயினுக்குப் போய்ச் சேருவதோ, வெறும் நெபியோலோ என்று விலைபோவதோதான் வழக்கம். கவாட்சாவின் முயற்சியால்தான் பர்பரெஸ்கோ என்ற பெயர் ஒரு மதுவின் பெயராக நிலைபெறத் தொடங்கியது. ஆனால் அவர் காலமான பிறகு, பாசிஸ்ட் ஆட்சியின் பொருளாதாரக் கட்டளைகளின் கீழ் 1920-களில் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது. விவசாயிகள் மறுபடியும் சந்தைச் சதுக்கத்துக்குத் திரும்பினார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இளைஞர்கள் டூரின் தொழிற்சாலைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பர்பரெஸ்கோவின் பங்குத்தந்தை தோன் ஃபியொரீனோ மாரெங்கோ ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மட்டும் இந்த ஊரைக் காப்பாற்றாது. திராட்சைக்கு நியாய விலை கிடைத்தால்தான் ஊரில் மனிதர்கள் இருப்பார்கள் என்று கண்டு, 1958-இல் பத்தொன்பது சிறு விவசாயிகளை ஒன்றுதிரட்டி, ‘ப்ரொதுத்தோரி தெல் பர்பரெஸ்கோ’ என்னும் கூட்டுறவைத் தோற்றுவித்தார். கட்டடம் கட்டப் பணமில்லை. ஆகவே முதல் மூன்று ஆண்டுகளின் ஒயினும் தேவாலயத்தின் அடித்தளத்திலேயே நொதித்தது. பிறகு சதுக்கத்தின் மறுபக்கம், தேவாலயத்துக்கு எதிரிலேயே, நிலவறை எழுந்தது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உறுப்பினர்கள். அவர்களுக்கு நூறு ஹெக்டேருக்கு மேல் நெபியோலோ தோட்டம். கூட்டுறவு என்றால் சரக்கு மட்டம் என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் உண்டு. இங்கே அது பொய்த்துப்போனதற்குக் காரணம் ஒரு கண்டிப்பு: எடையை மட்டும் பார்க்காமல் பழத்தின் தரத்தையும் பார்த்து விலை தருகிறார்கள்; நெபியோலோவைத் தவிர வேறு திராட்சையைத் தொடுவதில்லை. நல்ல ஆண்டுகளில் அஸிலி, ரபயா, மோன்தெஸ்தெஃபானோ, ஒவெல்லோ முதலான ஒன்பது தோட்டங்களின் மதுவைத் தனித்தனியாக, ஒன்றோடொன்று கலக்காமல், ரிசெர்வாவாக வெளியிடுகிறார்கள். அடுத்தடுத்த தோட்டங்களின் மது எவ்வளவு வேறுபடும் என்று கற்றுக்கொள்ள விரும்புகிற மாணவனுக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை லாங்கேயில் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்காகச் சொத்தை விற்க வேண்டியதும் இல்லை. தனிமனித மேதைகளும் பிரபு வம்சங்களும் செய்த மதுக்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு பங்குத்தந்தையும் பத்தொன்பது குடியானவர்களும் தேவாலயத்தின் அடியில் தொடங்கிய காரியமே இந்தப் பிரதேசத்தின் ஆகப்பெரிய சாதனை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த நாட்களில் ஊரைக் காப்பாற்றியவர்களில் பெண்களைச் சேர்க்காவிட்டால் கணக்கு முழுமையாகாது. லாங்கேயின் பெண்கள் நிலத்தை வெறுத்து நகரத்து மாப்பிள்ளைகளைத் தேடிக்கொண்டு போய்விட, குன்றுகளில் தங்கிய ஆண்களுக்குக் கல்யாணம் ஆவதே அரிதாயிற்று. பச்சலே என்று அங்கே அழைக்கப்படும் கல்யாணத் தரகர்கள், 1960-களில், தெற்கே கலாப்ரியாவரை போய்ப் பெண் பார்த்து முடித்தார்கள். நாட்டின் மறுகோடியிலிருந்து, பேச்சு வழக்கும் உணவும் சீதோஷ்ணமும் வேறான இந்தக் குளிர் மலைக்கு, முகம் பழகாத கணவன் வீட்டுக்கு வந்திறங்கிய அந்த இளம் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பதை, கூனியோ நகரத்து எழுத்தாளர் நூத்தோ ரெவெல்லி ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று கேட்டறிந்து, 1985-இல் வெளிவந்த தம் நூலில் அவர்கள் வாய்மொழியாகவே பதித்திருக்கிறார். அதே காலத்தில், 1946-இல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெர்ரேரோ மிட்டாய்த் தொழிற்சாலை குன்றுக் கிராமங்களுக்குப் பஸ்களை அனுப்பித் தொழிலாளரை அழைத்துவந்து, வேலை முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டது. ஆலையில் சம்பளம், வீட்டில் திராட்சை என்று இரண்டையும் வைத்துக்கொண்டதால் பல குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்பின. இன்று ஒயின் பாட்டிலில் பெயர் பொறித்திருக்கும் பல வீடுகள் அப்படித் தப்பியவை.

பிறகு 1986 வந்தது. மெத்தனால் என்ற சொல் தமிழ்நாட்டாருக்கு விளக்கம் வேண்டாத சொல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது செய்த கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. 1986 மார்ச்சில் இத்தாலியிலும் மலிவு ஒயினின் சாராயச் சத்தை உயர்த்திக் காட்டுவதற்காக மெத்தனாலைக் கலந்து விற்றதால் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், வேறு பலர் பார்வை இழந்தார்கள். விசாரணை போய் நின்ற இடங்களில் ஒன்று, பரோலோ எல்லைக்கு மிக அருகே உள்ள நார்த்சோலே என்னும் ஊர். பரோலோவுக்கும் அந்தச் சரக்குக்கும் சம்பந்தமில்லை என்றாலும், உலகம் இத்தாலிய ஒயின் முழுவதையுமே சந்தேகத்தோடு பார்த்தது, ஏற்றுமதி சரிந்தது. இந்த அவமானத்திலிருந்து லாங்கே மீண்ட விதம் போற்றத்தக்கது. மொத்த வியாபாரிக்கு ஒயினை ஊற்றிக் கொடுத்துவந்த சிறு விவசாயிகள், தங்கள் தோட்டத்து மதுவைத் தாங்களே பாட்டிலில் அடைத்து, தங்கள் பெயரையே முகப்பில் போட்டு, கலப்படமானால் எங்களைக் கேளுங்கள் என்று உலகத்தின் முன் வந்து நின்றார்கள். இன்ன தோட்டத்தின் மது என்று பெயரிட்டு விற்கும் வழக்கம் அதற்கு முன்பே அங்குமிங்கும் இருந்தது. அது வலுப்பெற்று, தோட்டங்களின் எல்லைகள் பர்பரெஸ்கோவில் 2007-இலும் பரோலோவில் 2010-இலும் சட்டபூர்வமாக வரையறுக்கப்பட்டன.

பழைய பெரிய மரத்தொட்டிகளா, பிரெஞ்சு ஓக்கின் 225 லிட்டர்ச் சிறு பீப்பாய்களா என்று அந்தத் தலைமுறையில் எழுந்த சண்டையைப் பற்றி எழுத ஒயின் பத்திரிகைகள் சலிப்பதில்லை. எலியோ அல்தாரே என்னும் இளைஞர் 1983-இல் தந்தையின் தொட்டிகளை இயந்திர ரம்பத்தால் அறுத்தெறிந்ததும், தந்தை மகனுக்குச் சொத்து இல்லையென்று ஒதுக்கியதும், எதிர்த் தரப்பில் பர்த்தொலோ மஸ்கரெல்லோ என்னும் முதியவர் சிறு பீப்பாயைக் கண்டித்துத் தம் கையாலேயே லேபிள் வரைந்து ஒட்டியதும் உண்மையே. இன்று இரு தரப்பாரும் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். ஓக்கின் வாசனை மேலோங்காத மதுவையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ருசி தட்டவில்லை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இப்போதைய லாங்கே செல்வபூமி. 2014-இல் யுனெஸ்கோ இந்தத் தோட்ட நிலக்காட்சியை உலக மரபுச் செல்வங்களில் சேர்த்தது. பரோலோவின் நல்ல சரிவுகளில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட பாட்டில்கள் வெளியேறுகின்றன. சக்கை ரசம் குடித்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நல்ல வீட்டில் வாழ்வதைக் காண மனம் நிறைகிறது. அதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் அந்த விலைக்கு இனி ஒரு கூலிக்காரனின் மகன் நிலம் வாங்க முடியாது. மேலும், ஜனவரிக் குளிரில் கவாத்துக் கத்தரிக்கோலோடு வரிசை வரிசையாக நகர்கிறவர்களையும், அக்டோபரில் குனிந்த முதுகோடு குலை அறுக்கிறவர்களையும் அருகே சென்று பார்த்தால், மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்களே பலர். அவர்களில் காலூன்றிக் குடும்பத்தோடு வாழ்கிறவர்களும் உண்டு. ஒப்பந்தக்காரர்களின் பிடியில் அகப்பட்டு, சொற்பக் கூலிக்கு உழைக்கிறவர்களும் உண்டு. 2024-இல், ஆல்பாப் பகுதியில் தோட்டத் தொழிலாளரை இரும்புத் தடியால் அடித்துத் துன்புறுத்தியதாக வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன. ஃபெனோக்லியோவின் நாவலில் கூலிக்கு அனுப்பப்பட்ட அந்தப் பையனை மறக்காத ஊர் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாகாது. அந்த ஊரில் இதைக் கண்டித்துப் பேசுகிற உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள் என்பது ஆறுதலான செய்தி.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. மூடுபனிக்கு அஞ்சாதவர்கள் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ போகலாம். கொடிகளின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகத் திரும்பியிருக்கும். வெள்ளை ட்ரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானை நாய்களின் மோப்பத்தால் தோண்டி எடுக்கும் பருவமும் அதுவே. ஆல்பாவில் அதற்குச் சந்தை கூடும். விலை அதிகம், முட்டைப் பொரியலின்மேல் சீவித் தூவிய சிறு அளவே அதன் வாசனையை அறியப் போதும். கூட்டம் வேண்டாதவர்கள் மே மாதத்தில் போகலாம். சிறு நிலவறைகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டே போக வேண்டும். அங்கே உங்களை வரவேற்பவர் அநேகமாக டிராக்டரிலிருந்து இறங்கி வந்த முதலாளியாகவே இருப்பார், அவருடைய நேரம் அருமையானது. ஒரே நாளில் ஐந்தாறு நிலவறைகளுக்குக் காரில் ஓடுவது மதுவுக்கும் மரியாதையன்று, உயிருக்கும் க்ஷேமமன்று. ருசிபார்த்துத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை யாரும் குறைவாக எண்ணமாட்டார்கள். லா மோர்ராவிலிருந்து பரோலோவுக்குத் தோட்டங்களின் ஊடே நடந்தே இறங்கலாம். வழியில் சற்று விலகினால், 1914-இல் கட்டப்பட்டு, வழிபாட்டுக்கு வராமலே பாழடைந்து, 1999-இல் சொல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்னும் இரு ஓவியர்கள் பல வர்ணங்களில் தீட்டிய சிற்றாலயம் ஒன்று கொடிகளின் நடுவே நிற்கிறது. குடிக்காதவர்களும் இந்தப் பிரதேசத்துக்குத் தாராளமாகப் போகலாம். நடப்பதற்கும் சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் அங்கே குறைவே இல்லை.

கோட்டைகளுக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள், போதும். மிச்சப் பொழுதில் தானரோ ஆற்றின் மேலே நிற்கும் பர்பரெஸ்கோ கிராமத்துக்குப் போய், கோபுரத்தின் மீதேறி ஆற்றின் வளைவைப் பார்த்துவிட்டு, தேவாலயத்துக்கு எதிரே உள்ள கூட்டுறவு நிலவறைக்குள் நுழைந்து, அங்கே உறுப்பினர்களின் சாதாரண பர்பரெஸ்கோவில் ஒரு கிண்ணம் கேளுங்கள். எந்தப் பாட்டிலை வாங்கலாம் என்று என்னைக் கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் அதுதான்: அந்தக் குடும்பங்களின் பாட்டிலை வாங்குங்கள்.